பைக்கில் ஜிபிஎஸ்: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

வழி தவறிச் சுற்றி அலைந்துவிட்டு வந்தவர் "ஜிபிஎஸ் ஏமாற்றிவிட்டது" என்கிறார். மலைப்பாதையில் கைப்பேசியின் இணைப்பு அறுந்துபோனவர் "அங்கே ஜிபிஎஸ் எடுக்கவில்லை" என்கிறார். வண்டி திருடுபோனால் கண்டுபிடிக்க வேண்டுமென்று இருக்கைக்கு அடியில் சிறு பெட்டி ஒன்றைப் பொருத்தியவர் "ஜிபிஎஸ் மாட்டியிருக்கிறேன்" என்கிறார். மூவரும் சொல்வது ஒரே சொல்தான். ஆனால் முதலாமவர் குறை சொல்வது வரைபடத்தை, இரண்டாமவர் குறை சொல்வது இணையத்தை, மூன்றாமவர் வாங்கியிருப்பது வண்டி இருக்கும் இடத்தை வேறொருவருக்குத் தெரிவிக்கும் கருவியை. இவற்றில் எதுவும் ஜிபிஎஸ் என்ற அமைப்பின் வேலை அன்று.

பேச்சோடு நின்றால் இந்தக் குழப்பத்தால் பெரிய தீங்கு இல்லை. பைக்குக்கு ஒரு வழிகாட்டிக் கருவி வாங்கலாம் என்று கிளம்பும்போதுதான் அது கையைக் கடிக்கிறது. "துல்லியமான ஜிபிஎஸ்", "அதிகச் செயற்கைக்கோள்கள்" என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கிறோம். உண்மையில் இத்தகைய கருவிகளுக்குள் விலை குறைந்த பாகங்களில் ஒன்று ஜிபிஎஸ் சிப்பு. விலையை ஏற்றுபவை திரை, மழைக்காப்பு, பிடிமானம், மின் இணைப்பு, வரைபடம் ஆகியவை. எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்பது இந்த வேறுபாடு புரிந்தால் தானாகத் தெளிவாகும். ஆகவே முதலில் அந்தச் சிப்பு என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

மின்னலும் இடியும் போல

மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும் என்பதால், மூன்று எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் விழுந்திருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் தொலைவு மட்டும்தான் தெரியும், திசை தெரியாது. நம்மைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்தின் மேல் எங்கு வேண்டுமானாலும் அது விழுந்திருக்கலாம். வேறு இரண்டு இடங்களில் இருக்கும் நண்பர்களும் அதே இடியை எண்ணிச் சொன்னால் மூன்று வட்டங்கள் கிடைக்கும். மூன்றும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே மின்னல் விழுந்த இடம்.

ஜிபிஎஸ் இதே கணக்கைத் திருப்பிப் போடுகிறது. பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும், "நான் இன்ன செயற்கைக்கோள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று வானொலி அலையில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அலை நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வருவதால், செயற்கைக்கோள் நேர் தலைக்கு மேல் இருந்தால் ஒரு நொடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் நம்மை அடைந்துவிடுகிறது. அதைப் பிடிக்கும் பாகத்துக்கு ரிசீவர் என்று பெயர். அலை கிளம்பிய நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் கழித்துத் தொலைவைக் கண்டுபிடிப்பது ரிசீவரின் வேலை.

மூன்று தொலைவுகள் போதுமே, நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்? செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம். நம் கருவியில் இருப்பதோ சாதாரண கைக்கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற குவார்ட்ஸ் கடிகாரம். அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு நொடி பிசகினாலும் தொலைவுக் கணக்கில் 300 மீட்டர் பிசகும். அந்தப் பிசகு எவ்வளவு என்பதும் தெரியாத ஒன்றாகச் சேர்ந்துகொள்வதால், மூன்று தொலைவுகளோடு நான்காவது ஒன்றும் தேவைப்படுகிறது. வானத்திலிருக்கும் விலை உயர்ந்த கடிகாரங்களைக் கொண்டு தன் மலிவான கடிகாரத்தை ரிசீவர் அவ்வப்போது திருத்திக்கொள்கிறது. சிப்பு மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான்: கடினமான வேலையை வானத்தில் இருப்பவை செய்துவிடுகின்றன.

ஜிபிஎஸ் என்பது அமெரிக்காவின் அமைப்பு. முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. 1995இல் அமைப்பு முழுமை பெற்றது. பொதுமக்களுக்கான அலைவரிசையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே மாதத்தில் நீக்கினார்கள். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் இன்று இதே வேலையைச் செய்கின்றன. சாதாரண கைப்பேசிகளில் பெரும்பாலானவை இவற்றில் பலவற்றையும் சேர்த்தே கேட்கின்றன. ஆகவே "நான்கு அமைப்புகளையும் ஏற்கும்" என்ற விளம்பர வரிக்காகத் தனியாக விலை கொடுக்க வேண்டியதில்லை.

திறந்த வானத்தின் கீழ் நல்ல கைப்பேசி ஒன்றின் பிழை ஐந்து மீட்டர் அளவில்தான் இருக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் செங்குத்தான பாறைச் சுவர்களின் ஓரத்திலும் அலை எதிரொலித்துச் சுற்றுவழியில் வந்து சேர்வதால் பிழை கூடும். இதைக் குறைப்பதற்காக இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் ரிசீவர்களும் உள்ளன. சாலையில் ஓட்டுபவருக்கு அவை அவசியம் என்று நான் கருதவில்லை. காரணத்தை வரைபடம் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

இதுவரை சொன்னதன் சாரம்: செயற்கைக்கோள்கள் நேரத்தை அறிவிக்கின்றன, ரிசீவர் அதைக் கேட்டுத் தொலைவைக் கணக்கிடுகிறது, நான்கு தொலைவுகள் கிடைத்தால் இருக்கும் இடம் தெரிந்துவிடுகிறது.

கேட்கும், பேசாது

வானொலிப் பெட்டியில் நாம் பாட்டுக் கேட்பது நிலையத்துக்குத் தெரியாது. ரிசீவரும் அப்படித்தான்: கேட்பதோடு சரி, திருப்பி எதையும் அனுப்புவதில்லை. ஆகவே அதற்குச் சிம் அட்டை வேண்டாம், மாதக் கட்டணம் இல்லை, இணையமும் தேவையில்லை. கைப்பேசியில் ஃப்ளைட் மோடைப் போட்டுவிட்டு வெட்டவெளியில் நின்றாலும் இருக்கும் இடம் தெரியும். மலைப்பாதையில் இணைப்பு அறுந்தவரின் கைப்பேசிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்தே இருந்தது. அந்த இடத்துக்கான வரைபடத்தைப் பெறும் வழிதான் அடைபட்டிருந்தது.

அப்படியானால் இணைய வசதியுள்ள கைப்பேசி நொடிகளில் இடத்தைக் காட்டும்போது, தனிக் கருவி சில சமயம் நிமிடக் கணக்கில் ஏன் விழிக்கிறது? ஒரு செயற்கைக்கோள் தன் துல்லியமான பாதை விவரத்தைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் எடுத்துக்கொள்கிறது. எந்தெந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற முழு அட்டவணையையும் வானத்திலிருந்தே கேட்டுப் பெறுவதென்றால் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். கைப்பேசி இந்த விவரங்களை இணையத்திலிருந்து ஒரே மூச்சில் எடுத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த கருவியைக் கடைக்குள்ளேயே முடுக்கிப் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று தீர்ப்பு சொல்வது அதற்குச் செய்யும் அநியாயம். வெளியே எடுத்து வந்து கொஞ்ச நேரம் வானத்தைக் காட்ட வேண்டும்.

இருக்கைக்கு அடியில் பொருத்தும் பெட்டியின் பெயர் டிராக்கர். அதற்குள்ளும் ஒரு ரிசீவர் இருக்கிறது. ஆனால் கண்டுபிடித்த இடத்தைச் சிம் அட்டை வழியாக உரிமையாளருக்கு அனுப்புவதே அதன் பணி. அதனால்தான் பெரும்பாலும் அதற்குக் கட்டணம் உண்டு. அதில் திரையும் இல்லை, குரலும் இல்லை. வழி காட்டும் என்று நினைத்து அதை வாங்கி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

புள்ளி வேறு, வரைபடம் வேறு, வழி வேறு

ரிசீவர் தருவது சில எண்கள் மட்டுமே: அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம், வேகம். சாலை என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. அந்த எண்களைப் படமாக்க வரைபடம் வேண்டும். வரைபடத்தில் இங்கிருந்து அங்கே போக வழி கண்டுபிடிக்க ஒரு மென்பொருள் வேண்டும். வெற்றுப் புள்ளியைத் தருவது ரிசீவர், ஊரைத் தருவது வரைபடம், "இடப்பக்கம் திரும்புக" என்று சொல்வது வழிக்கணிப்பான் என்று மூன்றையும் பிரித்து வைத்துக்கொண்டால் பல புதிர்கள் அவிழ்ந்துவிடும்.

வழிக்கணிப்பான் சாலைகளைச் சந்திப்புகளாகவும் சந்திப்புகளை இணைக்கும் துண்டுகளாகவும் பார்க்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் இத்தனை நிமிடம் என்று ஒரு மதிப்பு இருக்கும். கூட்டுத்தொகை குறைவாக வரும் தொடரைத் தேடி எடுப்பதே அதன் வேலை. வரைபடத்தில் மண்பாதை ஒன்று தார்ச்சாலை என்று தவறாகப் பதிவாகியிருந்தால், அதுவே குறைந்த நேரம் என்று கணக்கு வரும். நாம் சேற்றில் நிற்போம். வழி தவறியவரை ஏமாற்றியது பெரும்பாலும் இந்த இடம்தான். துல்லியமான ரிசீவர் வாங்கியிருந்தால், சேற்றில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

ஓடும்போது புள்ளி சாலையின் நடுவிலேயே ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். ரிசீவர் அவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கிடைத்த இடம் சாலையிலிருந்து நான்கைந்து மீட்டர் விலகியிருந்தாலும், இந்த வண்டி சாலையில்தான் ஓட முடியும் என்று கணித்து மென்பொருள் அதை இழுத்துச் சாலையில் உட்கார வைக்கிறது. சாலையில் ஓட்டுபவருக்கு ஐந்து மீட்டர் பிழையும் இரண்டு மீட்டர் பிழையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதற்கு இதுவே காரணம். மேம்பாலத்தின் மேல் போகிறோமா கீழே போகிறோமா என்பதில் மட்டும் இந்த ஏற்பாடு அடிக்கடி தடுமாறும்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது அம்புக்குறி தன் போக்கில் சுழல்வதும் கருவியின் கோளாறன்று. நகரும்போதுதான் ரிசீவருக்குத் திசை தெரியும். நின்றுவிட்டால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதை அது அறியாது. கைப்பேசியில் காந்தத் திசைகாட்டி இருக்கும். இரும்பும் மின்கம்பியும் சூழ்ந்த ஹேண்டில்பார் அதற்கு உகந்த இடமன்று. இன்னொன்று: வண்டியின் வேகமானியைவிடக் கருவி காட்டும் வேகம் சற்றுக் குறைவாக இருக்கும். பெரும்பாலும் கருவி சொல்வதே உண்மைக்கு நெருக்கமானது. உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்று பல நாடுகளில் விதி இருப்பதால், தயாரிப்பாளர்கள் வேகமானியைக் கொஞ்சம் கூட்டியே காட்ட வைக்கிறார்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டிய தரம் ஒன்று இங்கே இருக்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 20 மீட்டர் கடக்கிறோம். மிக மலிவான சில கருவிகளில் கணிப்பி (ப்ராசஸர்) மந்தமாக இருக்கும். திரையிலுள்ள படம் இரண்டு மூன்று நொடி பின்தங்கியே வரும். அப்படியானால் "இங்கே திரும்புக" என்று திரை சொல்லும்போது திருப்பம் 50 மீட்டர் பின்னால் போய்விட்டிருக்கும். செயற்கைக்கோள் எண்ணிக்கையைவிட இந்தத் தாமதத்தைச் சோதித்துப் பார்ப்பது பயனுள்ளது.

வரைபடத்துக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2004இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் உலக வரைபடம். அதைப் பயன்படுத்தும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகளில் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொண்டால் இணையமின்றியே வழி போடலாம். கூகுள் மேப்ஸிலும் ஒரு பகுதியைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ள முடியும். இணையம் இல்லாதபோது நெரிசல் விவரம் போன்றவை வராது.

ஆக, இடத்தைச் சொல்வதில் மலிவான கருவிக்கும் விலை உயர்ந்த கருவிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வழி கெடுவது வரைபடத்தாலும் கணிப்பாலும். மிச்ச விலையெல்லாம் பைக் என்ற கொடுமையான இடத்தில் அந்தக் கருவி உயிர் பிழைப்பதற்காகக் கொடுப்பது.

விலை ஏறும் இடம்: வெயில்

காருக்குள் கூரையின் நிழலில் பளிச்சென்று தெரியும் திரை, பைக்கில் உச்சிவெயிலில் கறுப்புக் கண்ணாடியாகிவிடும். நம் ஹெல்மெட்தான் அதில் தெரியும். திரையின் ஒளியை நிட் என்ற அளவால் குறிப்பார்கள். நேர் வெயிலில் தடுமாறாமல் படிக்க ஆயிரம் நிட் அளவுக்காவது ஒளி இருப்பது நல்லது. கருவியின் விவரக் குறிப்பில் இந்த எண் இல்லாமல் "வெயிலிலும் தெளிவாகத் தெரியும்" என்று மட்டும் எழுதியிருந்தால், ஐயப்பட நியாயம் உண்டு.

கைப்பேசிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மேலே வெயில், உள்ளே முழு ஒளியில் எரியும் திரை, சார்ஜ் ஏறும் மின்கலம், ஓயாமல் கணக்குப் போடும் கணிப்பி என்று வெப்பம் நாலாபுறமும் சேர்ந்துகொள்ளும். ஐஃபோனைச் சுற்றுப்புற வெப்பம் 35 பாகை செல்சியசுக்குள் பயன்படுத்துமாறு ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. அதற்கு மேல் சூடேறினால் கைப்பேசி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திரையின் ஒளியைத் தானே குறைக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், கடைசியில் அணைந்தும்விடும். அதாவது ஒளி அதிகம் தேவைப்படும் அதே நேரத்தில் ஒளி குறையும். பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வைத்தால் இது இன்னும் விரைவில் நடக்கும்.

கூசும் ஒளியை வடிகட்டும் போலரைஸ்டு கண்ணாடி அணிபவர்கள் கருவியை நெடுக்காகவும் குறுக்காகவும் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். சில திரைகள் ஏதாவது ஒரு கோணத்தில் அந்தக் கண்ணாடி வழியே முற்றிலும் இருண்டு போகும்.

மழையும் கையுறையும்

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான்: கைப்பேசியை ஒரு பிடியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தூறல் தொடங்கியது. கண்ணாடி மேல் ஒரு துளி விழுந்து மெல்ல வழிந்து இறங்க, வரைபடமும் அதோடு சேர்ந்து கீழ்நோக்கி நகர்ந்தது. அடுத்த இரண்டு துளிகள் படத்தைப் பெரிதாக்கின. மூன்றாவது, போட்டிருந்த வழியை ரத்து செய்துவிட்டது. ஓரமாக நிறுத்திக் கையுறை விரலால் தொட்டால் கைப்பேசி அதை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை.

காரணம் எளிது. கைப்பேசியின் தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் நெருங்கும்போது ஏற்படும் மின்னூட்ட மாற்றத்தையே உணர்கிறது. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் அதுவும் விரலைப் போலவே தோன்றும். தோல் கையுறை கடத்தாததால் விரல் இருப்பதே தெரியாது. அழுத்தினால் இயங்கும் வேறு வகைத் தொடுதிரையும் உண்டு. பார்வைக்குப் பழைய பாணியாக இருந்தாலும், எந்தக் கையுறையோடும் அது வேலை செய்யும். பக்கவாட்டில் நிஜமான பொத்தான்கள் உள்ள கருவி கிடைத்தால் இன்னும் நல்லது.

நீர்க்காப்பை ஐபி என்ற எழுத்துகளோடு இரண்டு இலக்கங்களால் குறிப்பார்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று பொருள். பலரும் கவனிக்காத நுணுக்கம் இதில் உண்டு: அந்தச் சோதனை அசையாத தண்ணீரில் நடப்பது. வேகமாக ஓடும் பைக்கின் மேல் மழை பீய்ச்சியடிக்கிறது. பீய்ச்சும் தண்ணீருக்கான இலக்கங்கள் 5, 6. ஏழைப் பெற்றுவிட்டதால் ஐந்தும் ஆறும் தாமாக வந்துவிடா. இரண்டு சோதனைகளிலும் தேறிய கருவி என்றால் இரண்டு எண்களையும் போட்டிருப்பார்கள். சார்ஜ் செய்யும் துளையின் மூடியைத் திறந்து கம்பியைச் செருகிய நிலையிலும் இந்தக் காப்பு இருக்குமா என்று கேட்டுக்கொள்வதும் முக்கியம். பல கருவிகளில் மூடி திறந்தால் காப்பு போயிற்று.

அதிர்வும் மின்சாரமும்

ஆற்றல் மிகுந்த பைக் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியே வந்து ஐஃபோன் கேமராவின் நடுக்கத் தடுப்பு அமைப்பைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரில் எச்சரித்தது. இதே அமைப்பு உள்ள வேறு கைப்பேசிகளுக்கும் இந்த அச்சம் பொருந்தும். அதிர்வை உறிஞ்சும் ரப்பர் வைத்த பிடிகள் இதற்காகவே விற்கின்றன. எங்கே சிக்கனம் பிடித்தாலும் பிடியில் பிடிக்காதீர்கள். மலிவான பிடி உடைந்தால் போவது பிடியின் விலை மட்டுமாக இருக்காது.

வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் சிறு சார்ஜரும் தேவைப்படும். அது வண்டியின் சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும்படி இணைக்கப்பட வேண்டும். நேரடியாக பேட்டரியில் இணைத்து, சும்மா இருக்கும்போதும் அது 50 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய பேட்டரி நூறு மணி நேரத்தில், அதாவது நான்கு நாளில் வறண்டுபோகும். ஸ்டார்ட் ஆகாத நிலை அதற்கும் முன்பே வந்துவிடும். பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் இருப்பது கட்டாயம். பொருத்தி முடித்ததும் ஹேண்டிலை இடக்கோடி வரை, பின் வலக்கோடி வரை திருப்பிப் பாருங்கள். எந்தக் கோடியிலும் கம்பி இழுபடக் கூடாது. வழிகாட்டி பாதிவழியில் அணைவதற்கு, என் அனுபவத்தில், கருவியைவிடக் கம்பியே அதிகமாகக் காரணமாக இருந்திருக்கிறது.

பார்ப்பதைவிடக் கேட்பது

அதே 72 கிலோமீட்டர் வேகத்தில் திரையை இரண்டு நொடி பார்த்தால் 40 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறோம். ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் ப்ளூடூத் ஒலிபெருக்கி, திரையின் வேலையில் பெரும்பகுதியைத் தானே எடுத்துக்கொள்ளும். பணம் குறைவென்றால் சிறிய திரையும் நல்ல குரலும் போதும் என்பதே என் எண்ணம். காதில் ஒலிக்கருவி வைத்து ஓட்டுவதைச் சில இடங்களில் சட்டம் அனுமதிப்பதில்லை. ஓட்டும் இடத்தின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜிபிஎஸ் என்ற பெயரில் விற்பவை

இவ்வளவும் தெரிந்தபின் சந்தையில் இருப்பவற்றை அடையாளம் காண்பது எளிது. கார்மின் ஜூமோ, டாம்டாம் ரைடர் போன்றவை பைக்குக்கென்றே செய்த முழுக் கருவிகள். வெயில், மழை, கையுறை எல்லாவற்றையும் எண்ணி வடிவமைத்திருப்பார்கள். வரைபடமும் உள்ளேயே இருக்கும். வளைந்து செல்லும் சாலைகளாகத் தேர்ந்து தரும் வசதியும் உண்டு. விலையும் அதற்கேற்ப இருக்கும். நீண்ட பயணங்களை வாடிக்கையாகச் செய்பவர்களுக்கே அந்த விலை செரிக்கும்.

ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே இயங்கும் ஐந்தாறு அங்குலத் திரைகள் இப்போது பரவலாக, பல நேரம் ஜிபிஎஸ் என்ற பெயரிலேயே விற்கின்றன. இவற்றுக்குள் வரைபடம் இல்லை. சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி எல்லா வேலையையும் செய்கிறது; திரை அதன் படத்தை மட்டும் காட்டுகிறது. கைப்பேசியை வெயில், மழை, அதிர்வு மூன்றிலிருந்தும் காப்பாற்றுவதால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பையிலிருக்கும் கைப்பேசியின் சார்ஜ் தீர்ந்தால் இந்தத் திரை வெறும் பலகை என்பதை அறிந்து வாங்க வேண்டும். அம்புக்குறியையும் மிச்சத் தூரத்தையும் மட்டும் காட்டும் சிறு வட்டக் கருவிகளும் இப்படியே கைப்பேசியைச் சார்ந்தவை. குறைந்த மின்சாரத்தில் ஓடும், கவனத்தையும் குறைவாகவே கேட்கும்.

மலையேறுவோர் கையில் வைத்திருக்கும் கருவி உறுதியானது. தெருத்தெருவாக வழி சொல்வது அதன் வலிமையன்று. காருக்கான கருவியை விலை குறைவு என்பதற்காக பைக்கில் மாட்ட வேண்டாம். மழைக்காப்பு இருக்காது, அதன் ஒலிபெருக்கி காற்றிரைச்சலில் கேட்கவும் கேட்காது.

எல்லாவற்றிலும் மலிவானது, வீட்டில் பயனற்றுக் கிடக்கும் பழைய கைப்பேசி. சிம் அட்டை இல்லாமல் அதை பைக்குக்கென்றே ஒதுக்கி, வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். அதிர்வில் அதன் கேமரா கெட்டால் கவலையில்லை. கீழே விழுந்தாலும் நம் தொடர்பு எண்களும் வங்கிச் செயலிகளும் பத்திரமாக வேறு கைப்பேசியில் இருக்கும். இணையம் இல்லாததால் இடத்தைப் பிடிக்க நேரமாகும். கிளம்புவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே வெளியில் வைத்து முடுக்கிவிட்டால் தீர்ந்தது. பழைய திரைகளின் ஒளி குறைவு என்பது மெய்யான குறை. மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் இந்த யோசனையையே கைவிட்டுவிட வேண்டும். வெயிலில் அது ஆபத்து.

பழைய கருவி வாங்குவோருக்கு

ஒருவர் பயன்படுத்திய தனிக் கருவியை வாங்குவது நல்ல சிக்கனம். ஆனால் ஒரு விசித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வண்டிகளின் ஓடோமீட்டர் 99,999ஐத் தாண்டியதும் பூச்சியத்துக்குத் திரும்புமல்லவா? ஜிபிஎஸ் வாரங்களை எண்ணும் முறையும் அப்படித்தான்: 1,024 வாரங்களுக்கு ஒருமுறை எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டில் ஒருமுறையும் 2019 ஏப்ரலில் ஒருமுறையும் அவ்வாறு திரும்பியது. அதற்கேற்பத் திருத்தப்படாத பழைய மென்பொருள் உள்ள கருவி ஏறத்தாழ இருபது ஆண்டு பின்னால் தேதி காட்டக்கூடும். ஆகவே வாங்கும்போது முதலில் தேதியைப் பாருங்கள்; தவறாக இருந்தால் அந்தக் கருவியைத் தயாரிப்பாளர் கைவிட்டு நெடுநாளாயிற்று என்று கொள்ளலாம்.

"வாழ்நாள் முழுவதும் வரைபடப் புதுப்பிப்பு" என்ற வாசகத்தில் குறிப்பிடப்படுவது தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு ஆதரவு தரும் காலம். நம் வாழ்நாளோடு அதற்குத் தொடர்பில்லை. வண்டியில் பொருத்தும் தொட்டிலும் (கருவி உட்காரும் பிடி) அதன் கம்பியும் சேர்ந்து வருகின்றனவா என்றும் கேட்க வேண்டும். அவை அந்தந்த மாடலுக்கே உரியவை என்பதால், தனியாகத் தேடினால் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

காசு கொடுக்கும் முன்

ஓட்டும்போது போடும் அதே ஹெல்மெட், அதே கையுறை, அதே கண்ணாடியோடு போய்க் கருவியைக் கடைக்கு வெளியே எடுத்து வரச் சொல்லுங்கள். வெயிலில் திரையின் ஓரத்திலுள்ள சிறிய எழுத்து படிக்கக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கையுறையோடு ஓர் ஊரின் பெயரைத் தட்டிப் பாருங்கள். கைக்குட்டையை நனைத்துத் திரையின் மேல் பிழிந்தால் படம் தானாக நகர்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கடைக்காரர் அதற்குச் சம்மதிக்கவில்லையென்றால் மழைக்காப்பைப் பற்றிய ஐயத்துக்கு அதுவே பாதி விடை. கடைசியாகக் கருவியிலும் உங்கள் கைப்பேசியிலும் இணையத்தை அணைத்துவிட்டு, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓர் ஊருக்கு வழி போடச் சொல்லுங்கள். போட்டுத் தந்தால் வரைபடம் ஏதோ ஒன்றில் பதிந்திருக்கிறது. அடுத்து கைப்பேசியையும் அணைத்துவிட்டு அதே ஊரைக் கேளுங்கள். அப்போதும் வழி வந்தால் நீங்கள் பார்ப்பது முழுக் கருவி. வராவிட்டால் அது ஒரு திரை, அந்தத் திரைக்குரிய விலையை மட்டும் பேசுங்கள்.